வண்டி வேகம் எடுத்தால் பாட்டுச் சத்தமும் ஏறுவது ஏன்?

கார் ஸ்டீரியோவில் வால்யூம் தானாக ஏறுவது, இறங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சத்தம் மாறுகிறது" என்று மட்டும் எழுதாமல், எப்போது மாறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகம் கூடும்போதா, ரிவர்ஸ் போடும்போதா, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதா, போனில் இருந்து பாடும்போது மட்டுமா? கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும்.

திருப்பூர் வாசகர்: புதுக் காரில் பைபாஸ் ஏறி எண்பதைத் தொட்டால் பாட்டுச் சத்தம் தானாகக் கூடுகிறது. டோல்கேட்டில் நின்றால் இறங்கிவிடுகிறது. செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். செட்டில் கோளாறு ஏதும் இல்லை. வேகம் கூடும்போது டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பாட்டை அமுக்கிவிடும் என்பதால், வேகத்துக்கு ஏற்ப வால்யூமை ஏற்றி இறக்கும் வசதியைக் கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால்தான் மெனுவில் தேடுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். ஹோண்டாவில் எஸ்.வி.சி., டொயோட்டாவில் ஏ.எஸ்.எல்., பழைய ஃபோக்ஸ்வாகன் செட்களில் காலா என்று இருக்கும். ஹூண்டாய், கியா கார்களில் ஸ்பீடு டிபெண்டன்ட் வால்யூம் என்றும், ஜீப்பில் ஸ்பீடு அட்ஜஸ்டட் வால்யூம் என்றும், ஃபோர்டில் ஸ்பீடு காம்பன்சேட்டட் வால்யூம் அல்லது அடாப்டிவ் வால்யூம் என்றும் காணலாம். பெயர் எதுவானாலும் இடம் அநேகமாக ஒன்றுதான்: செட்டிங்ஸில் சவுண்டு அல்லது ஆடியோ பக்கம். பேஸ், ட்ரெபிள் தாண்டிக் கீழே தள்ளிப் பாருங்கள். சில கார்களில் வால்யூம் என்று தனிப் பக்கம் இருக்கும். அதற்குள் ஆஃப், லோ, மிட், ஹை என்றோ எண்களாகவோ நிலைகள் இருக்கும்.

ஆஃப் போட்டால் பிரச்சினை அத்துடன் முடிந்தது. ஆனால் உடனே அணைத்துவிடாமல் முதலில் லோ வைத்துப் பாருங்கள் என்பது எங்கள் யோசனை. சின்ன காரில் எண்பது, நூறு வேகத்தில் போனால் கையால் வால்யூமை ஏற்றத்தான் செய்வோம். ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்றதும் காது கிழியும். மறுபடி இறக்க வேண்டும். அந்த வேலையைச் செட்டே செய்வது நல்லதுதான். சத்தம் ஏறியதே உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நிலை சரி. ஏறுவது காதில் பட்டால் ஒரு படி குறையுங்கள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துக் கேட்கிறவர்களுக்கும், கண்ணாடி நன்றாக அடைத்த பெரிய கார்களுக்கும் ஆஃப்தான் பொருத்தம்.

இது வேகத்தால் வருவதா, எஞ்சின் சத்தத்தால் வருவதா என்று சந்தேகம் இருந்தால், நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். வால்யூம் அசையாது. செட்டுக்குப் போகும் தகவல் சக்கரம் சுற்றும் வேகம் மட்டுமே. போஸ் சிஸ்டம் உள்ள சில கார்களில் ஆடியோ பைலட் என்ற வசதி இருக்கிறது. அது மட்டும் வேறு வகை. உள்ளே மைக் வைத்து இரைச்சலையே அளக்கும். ஆகவே ஜன்னலைத் திறந்தாலும் சத்தம் மாறலாம். அதையும் மெனுவில் அணைக்கலாம்.

மெனுவே இல்லாத பழைய செட்டாக இருந்தால் பின்னால் உள்ள கப்ளரில், அதாவது ஒயர்களைச் செட்டோடு இணைக்கும் பிளக்கில், வேலை இருக்கிறது. பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஐ.எஸ்.ஓ. கப்ளர் என்றால் ஏ வரிசையில் முதல் பின் வேகத்துக்கான சிக்னல். அந்த ஒரு பின்னை மட்டும் கப்ளரில் இருந்து உருவி, டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டால் போதும். வெட்ட வேண்டாம். அதே சிக்னல் மீட்டர் போர்டுக்கோ வேறு கன்ட்ரோல் யூனிட்டுக்கோ போகலாம். வெட்டிய நுனி பாடியில் பட்டால் ஸ்பீடோமீட்டரும் படுத்துவிடும். புதிய கார்களில் வேகம் கேன் லைனில் (கன்ட்ரோல் யூனிட்கள் தகவல் பரிமாறும் பொது ஒயரில்) டேட்டாவாக வருவதால் எடுப்பதற்குத் தனி ஒயர் கிடையாது. அங்கே மெனு ஒன்றுதான் வழி. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் இந்த அமைப்பு கம்பெனி வைத்த நிலைக்கே திரும்பிவிடும். சர்வீஸ் விட்டு எடுத்ததும் "மறுபடி வந்துவிட்டது" என்று தோன்றினால் முதலில் அதைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: வெளியே வாங்கிப் போட்ட ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு செட். ரிவர்ஸ் போட்டதும் பாட்டு அமுங்கிவிடுகிறது. மேப் வழி சொல்லும்போதும் அப்படித்தான். சில சமயம் ரிவர்ஸ் போடாமலேயே அமுங்குகிறது.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ரிவர்ஸில் குறைவது பார்க்கிங் சென்சாரின் பீப் காதில் விழ வேண்டும் என்பதற்காக. செட்டிங்ஸில் ரிவர்ஸ் வால்யூம் அல்லது பேக்கிங் வால்யூம் என்று சதவீதத்தில் இருக்கும். முழுவதும் மியூட் ஆகிறது என்றால் அதைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் விளையாடும் தெருவில் பின்னால் எடுக்கும்போது சத்தம் குறைவாக இருப்பதே நல்லது என்பதால் முழுதாக நீக்கச் சொல்ல மாட்டோம்.

மேப்புக்கு நேவி மிக்ஸ் என்ற அமைப்பு. அதை ஆன் செய்தால் பாட்டும் வழிகாட்டும் குரலும் கலந்து வரும். ஆஃப் என்றால் குரல் வரும்போது பாட்டு அமுங்கும். கூகுள் மேப்ஸுக்குள்ளும் குரலின் சத்தத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

ரிவர்ஸ் போடாமல் அமுங்குவதுதான் உண்மையான கோளாறு. கேமராவுக்காகப் பின் லைட்டில் இருந்து எடுத்த ரிவர்ஸ் ஒயரின் ஜாயின்ட்டைப் பாருங்கள். முறுக்கி டேப் போட்ட ஜாயின்ட்டில் டிக்கி ஓரமாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். அல்லது ரிவர்ஸ் பல்புக்குப் பதில் டெயில் லேம்ப் ஒயரில் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் ஹெட்லைட் போட்டதும் அமுங்கும், திரையும் கேமராவுக்குத் தாவும். செட்டுக்குப் பின்னால் ரிவர்ஸ் அல்லது பேக் என்று சீட்டு ஒட்டிய ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள். ரிவர்ஸ் கியரில் பன்னிரண்டு வோல்ட்டும், மற்ற கியர்களில் பூஜ்யமும் வர வேண்டும். மற்ற கியரில் இரண்டு மூன்று வோல்ட் காட்டினாலே ஜாயின்ட் கெட்டிருக்கிறது. வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த செட்களில் பாஸ்வேர்டு கேட்கும் ஃபேக்டரி செட்டிங்ஸ் பக்கத்துக்குள் தெரியாமல் போகாதீர்கள். அங்கே கார் வகையை மாற்றிவிட்டால் ஸ்டீயரிங் பட்டன், கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

நாகர்கோவில் வாசகி: வால்யூம் நாபை வலப்பக்கம் திருகினால் சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. பிறகு திடீரென்று பத்து புள்ளி தாவுகிறது. பள்ளத்தில் இறங்கினாலும் எண் மாறுகிறது. வண்டி எட்டு வருடம் ஓடியது.

இது நாபுக்குப் பின்னால் இருக்கும் என்கோடர் (நாப் திருகுவதைச் சிக்னலாக மாற்றும் பாகம்) தேய்ந்ததன் அடையாளம். நாப் எந்தப் பக்கமும் முடிவில்லாமல் சுற்றினால் அது என்கோடர். இரு முனையிலும் நின்றுவிட்டால் பழைய வகைப் பொட்டன்ஷியோமீட்டர். என்கோடருக்குள் இரண்டு தொடுமுனைகள் உண்டு. எது முதலில் தொடுகிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் வலமாகத் திருகினீர்களா, இடமாகத் திருகினீர்களா என்று உள்ளே இருக்கும் சிப் தெரிந்துகொள்கிறது. உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து, கடற்கரை ஊரென்றால் உப்புக்காற்றும் பட்டுத் தகடு கறுத்துப்போனால் தொடுகை விட்டு விட்டு வரும். சிப்புக்கு வரிசை தப்பிவிடும். ஏற்றினால் இறங்குவது அதனால்தான். பள்ளத்தில் குலுங்கும்போது எண் மாறுவதும் அதே தளர்ந்த தொடுகையால்.

முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நாப் பெரும்பாலும் அழுத்திப் பொருத்தியதுதான். துணி சுற்றி நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் முன்தகட்டில் கீறல் விழும். தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வைத்து இரண்டு சொட்டு அளவுக்கு மட்டும் விடுங்கள். பிறகு தண்டை இரு பக்கமும் நாற்பது ஐம்பது முறை வேகமாகச் சுற்றுங்கள். அரை மணி நேரம் காய விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்ட வேண்டும். கிளீனர் இல்லையென்றால் தொண்ணூற்றொன்பது சத ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். துருவுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூ.டி.-40 வேண்டாம், அது விட்டுச்செல்லும் எண்ணெயில் மறுபடி தூசி ஒட்டும். கான்டாக்ட் கிளீனர் என்றே தனியாக விற்பது வேறு. பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

இதில் சரியாகிச் சில மாதம் ஓடினால் நல்லது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் தகடே தேய்ந்துவிட்டது என்று பொருள். திரும்பத் திரும்ப கிளீனர் அடித்துப் பயனில்லை. என்கோடரை மாற்றிவிடலாம். முழு செட்டையும் மாற்றச் சொல்வதை ஏற்க வேண்டாம். பல செட்களில் இருப்பது ஈ.சி.11 என்ற வகை: ஒரு பக்கம் மூன்று கால், அழுத்தும் சுவிட்சுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு கால், பாடியைப் பிடிக்க இரண்டு காது. சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய் மூன்றை ஒப்பிட்டு வாங்குங்கள்: தண்டின் நீளம், தண்டு டி வடிவமா பல் வெட்டியதா, ஒரு சுற்றுக்கு எத்தனை கிளிக். கிளிக் எண்ணிக்கை மாறினால் ஒரு தட்டுக்கு இரண்டு புள்ளி ஏறும், அல்லது இரண்டு தட்டுக்கு ஒரு புள்ளி ஏறும்.

பற்றவைப்பு நீக்கும்போது பெரிய காது இரண்டிலும்தான் பலகை கெடும். அங்கே ஈயம் அதிகம். சூடு போதாமல் இழுத்தால் பலகையில் உள்ள செம்புத் தடம் உரிந்துவரும். 350 டிகிரி அளவில் அயர்னை வைத்து, செம்புப் பின்னல் கொண்டு ஈயத்தை முழுதும் உறிஞ்சி எடுத்த பிறகே அசைக்க வேண்டும். டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவர்களே இதைச் செய்வார்கள். செட்டைக் கழற்றி எடுத்துப்போனால் போதும். சில கார்களில் செட்டைக் கழற்றினால் ரகசியக் குறியீடு கேட்கும் என்பதால், கார் வாங்கியபோது கொடுத்த கோட் அட்டையை முதலில் தேடி வையுங்கள்.

கோவை வாசகர்: வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வால்யூம் தானாக ஏறிக்கொண்டே போகிறது. சில நாளாக ஹார்னும் சரியாக அடிப்பதில்லை.

ஹார்ன் பற்றி எழுதியது நல்லதாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள கிளாக் ஸ்பிரிங் மீதுதான் சந்தேகம் விழுகிறது. சுருட்டி வைத்த தட்டையான நாடாக் கேபிள் அது. ஸ்டீயரிங் சுற்றும்போது சுருண்டும் விரிந்தும், மேலே இருக்கும் ஹார்ன், ஆடியோ பட்டன், ஏர்பேக் மூன்றையும் கீழே உள்ள ஒயரிங்குடன் இணைக்கிறது. அதில் விரிசல் விழுந்தால் வால்யூம் தொல்லை வெறும் தொடக்கம். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டனால் எப்படி வால்யூம் ஏறுகிறது என்று கேட்பீர்கள். பல கார்களில் எல்லா ஆடியோ பட்டன்களும் ஒன்றிரண்டு ஒயரையே பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர். எந்த அளவு வந்தது என்று பார்த்து எந்தப் பட்டன் என்று செட் முடிவு செய்கிறது. கேபிளில் தொடுகை கெட்டாலோ, பட்டனுக்குள் டீ சிந்திப் பிசுபிசுத்தாலோ ஒரு தவறான அளவு வந்து சேரும். அது வால்யூம் பட்டனின் அளவோடு ஒத்துப்போனால், யாரோ அழுத்திக்கொண்டே இருப்பதாக செட் எடுத்துக்கொள்ளும்.

வெளியே போட்ட செட்டாக இருந்தால் சோதனை எளிது. பின்னால் கீ-1, கீ-2 என்று இருக்கும் இரு ஒயர்களையும் கழற்றி, டேப் சுற்றி, இரண்டு நாள் ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால் செட் நல்லது, தவறு ஸ்டீயரிங் பக்கம். கழற்றிய ஒயர் ஒவ்வொன்றுக்கும், காரில் இருந்து வரும் பக்கத்தில், எர்த்துக்கும் இடையே ஓம் அளந்துகொண்டே ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லுங்கள். பட்டனைத் தொடாமல் திருப்பும்போது அளவு அசையவே கூடாது. வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். குதித்தால் கேபிள் போயிற்று. திருப்பும்போது நிலையாக நின்று, பட்டனை அழுத்தும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் பட்டன் தொகுதியை மாற்றுங்கள். கிளாக் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். கேன் அல்லது அதே போன்ற லின் டேட்டா லைன் வழியாகப் பட்டன் வேலை செய்யும் கார்களில் இந்த அளவீடு உதவாது. ஸ்கேனர் வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் திறப்பதை வீட்டில் செய்ய வேண்டாம். மஞ்சள் கப்ளர் என்றால் ஏர்பேக் என்று பொருள். அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மெக்கானிக்கிடம் விட்டாலும் இரண்டைக் கவனியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம், குறைந்தது மூன்று நிமிடமாவது காத்திருந்து பிறகே திறக்க வேண்டும். புதிய கிளாக் ஸ்பிரிங்கை முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது, அதில் உள்ள குறியை நடுவில் நிறுத்திப் பொருத்த வேண்டும். நடு தப்பினால் முதல் யூ-டர்னிலேயே புது நாடாவும் அறுந்துவிடும்.

சென்னை வாசகர்: புளூடூத்தில் மட்டும் ஒரு பாட்டு சத்தமாகவும் அடுத்தது மெதுவாகவும் வருகிறது. சில சமயம் பாட்டு நடுவிலேயே குறைகிறது. எஃப்.எம். போட்டால் சரியாக இருக்கிறது.

எஃப்.எம். சரி என்றால் காரை விட்டுவிட்டுப் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் அப்சல்யூட் வால்யூம் என்ற முறையில் போனும் செட்டும் ஒரே வால்யூமைப் பகிர்ந்துகொள்ளும். சில செட்களுக்கு இது ஒத்துவராமல் சத்தம் தாவும். அபவுட் போனில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் டிசேபிள் அப்சல்யூட் வால்யூம் என்பதை ஆன் செய்து, புளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பிறகு போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேலே நிறுத்திவிட்டு, ஏற்றுவது இறக்குவது எல்லாம் செட்டில் செய்யுங்கள்.

ஐபோனில் இந்த அமைப்பு கிடையாது. ஆனால் புளூடூத் பட்டியலில் உங்கள் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொட்டு, டிவைஸ் டைப்பில் கார் ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் என்று பதிந்திருந்தால் காதைப் பாதுகாக்கும் அமைப்பு காருக்கும் சேர்த்துச் சத்தத்தைக் குறைத்துவிடும். பாட்டு நடுவில் குறைவதற்குப் பெரும்பாலும் இதுதான், அல்லது வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் வரும்போது பாட்டு அமுங்குவது.

பாட்டுக்குப் பாட்டு மாறுவது வேறு விஷயம். எண்பதுகளில் பதிவான பாடலையும் இன்றைய பாடலையும் அடுத்தடுத்துப் போட்டால், புதியது கூடுதல் அழுத்தத்துடன் தயாரானதால் பெருஞ்சத்தமாகக் கேட்கும். இதற்கு ஸ்பாட்டிஃபையில் நார்மலைசேஷன், ஆப்பிள் மியூசிக்கில் சவுண்டு செக், யூடியூபில் ஸ்டேபிள் வால்யூம் இருக்கின்றன. இவற்றை ஆன் செய்துகொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் லவுடு நிலையை விட நார்மல் நிலைதான் பழைய பாடல்களுக்கு நல்லது. லவுடு நிலையில் மெல்லிய இடங்களும் உரத்த இடங்களும் ஒட்டிப்போகும்.

யாழ்ப்பாணம் வாசகர்: யப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார். ஓடும்போது சத்தம் கூடுது. மெனு முழுக்க யப்பான் மொழி.

மெனு மொழியை மாற்ற முடியாத செட்களே அதிகம். காரை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டுவிட்டு, கூகுள் லென்ஸில் திரையைக் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள். ஒலி அமைப்புப் பக்கத்தில் வேகத்துக்கு ஏற்ற ஒலியளவு என்ற பொருளில் வரும் வரியை அணையுங்கள். டொயோட்டா என்றால் ஏ.எஸ்.எல். என்ற மூன்று எழுத்து அப்படியே ஆங்கிலத்தில் இருக்கவும் கூடும்.

எஃப்.எம். கேட்கும்போது மட்டும் சத்தம் அமுங்கி எழுந்தால் அது வேறு. சிக்னல் மெலிந்தால் இரைச்சல் கேட்காமல் இருக்க செட் தானே சத்தத்தைக் குறைக்கும். ஜப்பான் செட்கள் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 அல்லது 95 வரைதான் பிடிக்கும். அதற்கு மேலுள்ள நிலையங்களைச் செட் பிடிக்கும் எல்லைக்குள் கொண்டுவர பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற கருவியை மாட்டியிருப்பார்கள். அதன் இரு பக்கமும் உள்ள ஆண்டெனா பிளக் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லண்டன் வாசகி: யு.எஸ்.பி.யில் பாட்டுக் கேட்கும்போது திடீரென்று போக்குவரத்துச் செய்தி பெருஞ்சத்தமாக வருகிறது.

அதற்குக் காரணம் டி.ஏ. என்ற பட்டன், அல்லது ரேடியோ மெனுவில் உள்ள ட்ராஃபிக் அனவுன்ஸ்மென்ட் என்ற வசதி. வேண்டாமென்றால் அணைத்துவிடுங்கள். வேண்டும், ஆனால் சத்தம் மட்டும் குறைய வேண்டும் என்றால், பல செட்களில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாபைக் குறைத்தால் அதற்கான அளவாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஈரோடு வாசகர்: ஒரு மணி நேரம் சத்தமாகக் கேட்டால் வால்யூம் தானாகக் குறைகிறது. செட் தொட்டால் சுடுகிறது. பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் போட்டிருக்கிறேன்.

கூடுதல் ஸ்பீக்கர்தான் காரணம் என்று தோன்றுகிறது. பழைய ஸ்பீக்கர் ஒயரிலேயே புதியதையும் இணைத்திருந்தால், நான்கு ஓம் ஸ்பீக்கர் இரண்டு சேர்ந்து செட்டுக்கு இரண்டு ஓம் ஆகிவிடும். செட்டின் உள் ஆம்ப்ளிஃபயர் நான்கு ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று பெரும்பாலான செட்களின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கரண்ட் கூடிச் சூடேறியதும், எரிந்துபோகாமல் இருக்கத் தானே சத்தத்தைக் குறைக்கிறது. செட்டைக் கழற்றி ஸ்பீக்கர் ஒயர் ஜோடிகளில் ஓம் அளந்து பாருங்கள். பச்சையும் பச்சை-கறுப்பும் பின் இடது, ஊதாவும் ஊதா-கறுப்பும் பின் வலது. மூன்று முதல் நான்கு ஓம் வந்தால் சரி. இரண்டுக்குக் கீழே என்றால் இணையாகப் போட்டிருக்கிறார்கள். கூடுதல் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், அல்லது அவற்றுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வையுங்கள்.

ஓம் சரியாக இருந்தும் குறைந்தால் எர்த் பாருங்கள். எஞ்சினை ஓட விட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை செட்டின் உலோக உடலிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

திருச்சி வாசகர்: ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் வால்யூம் பழைய அளவுக்குப் போகிறது. ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துவிடுகிறது. செட் மாற்றிய நாள் முதல் இப்படி.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. மஞ்சள் எப்போதும் பேட்டரி கரண்ட் வரும் நினைவு ஒயர், ஐ.எஸ்.ஓ. கப்ளரில் நான்காவது பின். சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது, ஏழாவது பின். சில ஐரோப்பிய கார்களில் இவ்விரண்டும் காரின் பக்கத்திலேயே மாறி இருக்கும். அதற்காகவே பல செட்களின் ஒயரில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கழற்றிக் குறுக்காக மாட்டுங்கள். மாட்டியதும் சாவியை எடுத்துவிட்டு அளந்தால் செட்டின் மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட்டும் சிவப்பில் பூஜ்யமும் வர வேண்டும். சாவி எடுத்த பிறகும் இரண்டிலும் பன்னிரண்டு வந்தால் அப்படியே விடாதீர்கள். செட் முழுதாக அணையாமல் சில நாளில் பேட்டரியை இறக்கிவிடும்.